ரயில் சத்தத்துக்கு என்ன மரம் வைக்கலாம்?

"புதுச்சத்திரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில், தண்டவாளத்துக்கு மேற்கே எங்கள் வீடு. அறுபது மீட்டர் தூரம்கூட இருக்காது. கூப்பிடு தூரத்தில் ரயில்வே கேட். ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஹாரன் அடிக்கிறார்கள். இரண்டு கலப்பின மாடு வைத்திருக்கிறோம். விடிகாலையில் கறக்கும்போது ரயில் போனால், மாடு பாலை அடக்கிக்கொள்கிறது. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாமனாருக்குக் காது மந்தமாகிவிட்டது, ரயிலால்தான் என்கிறார். மாட்டை விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சத்தத்தைத் தடுக்க என்ன மரம் வைக்கலாம்? ஹாரன் அடிக்காமல் இருக்க யாருக்கு மனு எழுத வேண்டும்?"

- கடலூர் மாவட்ட வாசகி ஒருவர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

மரத்தைப் பற்றிய பதிலை முதலில் சொல்லிவிடலாம். ஒரு வரிசை மரம் ரயில் சத்தத்தைத் தடுக்காது. இரண்டு வரிசையும் தடுக்காது. தரையிலிருந்து உச்சி வரை அடர்ந்து, இடைவெளி தெரியாத தோப்பாக, 30 மீட்டர் அகலத்துக்கு நின்றால்தான் 5 முதல் 8 டெசிபல் வரை குறையும். ஒரு சத்தம் பாதியாகிவிட்டதுபோல் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் குறைய வேண்டும். 30 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் என்று கணக்குப் போட்டால் 37 சென்ட் நிலம் போய்விடும். சம்பா நடும் நிலத்தில் 37 சென்டை இதற்காக விட்டுக்கொடுக்கும்படி ஒரு சிறு விவசாயியிடம் யாரும் சொல்ல முடியாது. நாற்றுப் பண்ணைகளில் "சத்தம் தடுக்கும் மரம்" என்று சொல்லி விற்றால், நிழலுக்கும் பூவுக்கும் வாங்கலாம். சத்தத்துக்காக வாங்க வேண்டாம்.

பிறகு எதுதான் தடுக்கும்? அதற்கு முன், அந்த வீட்டுக்குச் சத்தம் எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய சத்தம் வேறு, இப்போதைய சத்தம் வேறு

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை போகும் இந்தப் பாதை நூறு வருடத்துக்கும் மேலாக மீட்டர் கேஜ் பாதையாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த 'தடக் தடக்' ஞாபகம் இருக்கும். தண்டவாளத் துண்டுகளைத் தகடு வைத்துப் பூட்டிய இடங்களில் சக்கரம் விழுந்து எழும் ஓசை அது. 2010-ல் அகலப் பாதை வந்தது. தண்டவாளங்களை நீளமாக வெல்டிங் செய்து போட்டார்கள். அதன் பிறகு மின்கம்பியும் வந்துவிட்டது. டீசல் இன்ஜினின் உறுமல் பெரும்பாலும் போய்விட்டது. இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு சத்தம். ஒன்று சக்கரமும் தண்டவாளமும் உரசும் சத்தம். இன்னொன்று ஹாரன்.

சக்கரச் சத்தம் தரையோடு வருகிறது. ஹாரன் இன்ஜினின் உச்சியில் இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய தாழ்வான பகுதியில் பாதையே ஒரு மேட்டின் மேல் போவதால், ஹாரனின் உயரம் இன்னும் கூடுகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், எதற்குச் செலவு செய்யலாம், எதற்குச் செய்யக் கூடாது என்பது விளங்கிவிடும்.

தூரமும் ஒரு கணக்குதான். ஹாரன் போன்ற ஓரிடத்துச் சத்தம், தூரம் இரட்டிப்பாகும்போது சுமார் 6 டெசிபல் குறையும். 30 மீட்டரில் 100 டெசிபல் இருந்தால் 60 மீட்டரில் 94, 120 மீட்டரில் 88, 240 மீட்டரில் 82. புது வீடு கட்ட இடம் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முப்பதிலிருந்து அறுபதுக்குத் தள்ளிப் போனால் கிடைக்கும் அதே லாபத்துக்கு, நூற்றிருபதிலிருந்து இருநூற்று நாற்பதுக்குப் போக வேண்டியிருக்கும். தவிர, ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டடம் கட்ட ரயில்வேயின் தடையில்லாச் சான்று வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அஸ்திவாரம் போட்டுவிட்டு அலைகிறவர்கள் உண்டு.

பருவமும் சத்தத்தை மாற்றும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பாதை வடக்குத் தெற்காகப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது, தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கும் வீடுகளுக்குச் சத்தம் காற்றோடு வரும். மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் கிழக்கே இருக்கும் வீடுகளுக்கு அந்த முறை. அதே ஐப்பசியில்தான் வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது. உழுத காய்ந்த மண் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். நிற்கும் தண்ணீர் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். மார்கழி, தை மாத விடியலில் தரை குளிர்ந்து, அதற்கு மேலே காற்று சற்றுச் சூடாக இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கிவிடும். அதனால்தான் பகலில் காதில் விழாத தொலைதூர ரயில் விடிகாலையில் வாசலில் போவதுபோலக் கேட்கிறது. வாசகி எழுதிய விடிகாலைத் தொந்தரவுக்கு இதுவும் ஒரு காரணம்.

குட்டை வெட்டிய மண்

சத்தத்தை மறைக்க மரத்தைவிட மண் நல்லது. வீட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பார்வை மறைகிற உயரத்துக்கு மண் கரை இருந்தால், சுமார் 5 டெசிபல் குறையும். மறைப்பு இன்னும் உயர உயரக் கூடுதலாகக் குறையும். இந்தக் கரை வீட்டை ஒட்டி இருக்க வேண்டும், அல்லது தண்டவாளத்தை ஒட்டி இருக்க வேண்டும். நடுவயலில் போட்டால் பலன் குறைவு. தண்டவாளத்தை ஒட்டியது ரயில்வே நிலம். அங்கே ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது. ஆகவே வீட்டுப் பக்கம்தான்.

பண்ணைக் குட்டை வெட்டும் எண்ணம் இருக்கிறவர்கள் இதோடு சேர்த்தே யோசிக்கலாம். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில், ஓரங்களைச் சரிவாக விட்டு ஒரு குட்டை வெட்டினால் சுமார் 340 கன மீட்டர் மண் கிடைக்கும். அடியில் 10 மீட்டர், தலையில் 1 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று 20 மீட்டர் நீளத்துக்குக் கரை போட 330 கன மீட்டர் வேண்டும். கணக்கு ஏறக்குறைய நேர்ப்படுகிறது. கரையில் மண் கரையாமல் இருக்க வெட்டிவேர் நடலாம். கடலூர் கடற்கரை மணல் கிராமங்களில் பயிராவதுதான். நாற்றுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, இந்தப் பகுதியில் மழைநீர் மேற்கிலிருந்து கிழக்கே, ரயில் மேட்டின் கீழுள்ள மதகுகள் வழியாகக் கடலை நோக்கி வடிகிறது. மேற்கே இருக்கும் வீட்டுக்காரர் வடிகாலுக்குக் குறுக்கே கரை போட்டால், கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். பக்கத்து வயல்காரரின் சம்பாவும் மூழ்கும். சத்தத்துக்குப் பயந்து வெள்ளத்தை விலைக்கு வாங்கிய கதையாகிவிடும். தண்ணீர் ஓடும் திசையை ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு, வடிகாலுக்கு வழி விட்டே கரை போட வேண்டும். இரண்டாவது, பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் ஆழமாக வெட்டினால் உப்புநீர் ஊறும் இடங்கள் இருக்கின்றன. வெட்டுவதற்கு முன் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு செய்தாலும் கரை தடுப்பது சக்கரச் சத்தத்தைத்தான். ஹாரன் கரைக்கு மேலே தாண்டி வந்துவிடும். அதற்கு வீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சத்தத்தை நன்றாகவே நிறுத்தும். அதில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் 10 முதல் 15 டெசிபல்தான் குறையும். சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் பயனில்லை. ஷீட் போட்ட வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருப்பார்கள். முக்கால்வாசிச் சத்தம் அந்த வழியாகத்தான் வரும். தண்டவாளத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் அந்த இடைவெளியைச் செங்கல் வைத்துப் பூசிவிடலாம். எதிர்ப்பக்கம் அப்படியே இருக்கட்டும்; காற்று வேண்டுமே. தண்டவாளப் பக்கத்து அறையில் நெல் மூட்டை, தட்டுமுட்டுச் சாமான். எதிர்ப்பக்கத்து அறையில் படுக்கை. இந்த இடமாற்றத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பெரும்பாலான வீடுகளில் காற்று வருகிறது என்று கிழக்குப் பார்த்த அறையிலேயே படுக்கிறார்கள். இந்த வாசகியின் வீட்டில் கிழக்கில்தான் தண்டவாளம்.

வைக்கோலும் உதவும். சத்தத்தை உறிஞ்சுவதில் வைக்கோலுக்கு ஈடு சொல்லக் கொஞ்சம் பொருள்களே உண்டு. தை அறுவடைக்குப் பிறகு இயந்திரம் கட்டிய வைக்கோல் உருளைகளை மாட்டுக் கொட்டகைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில், கொட்டகையை ஒட்டாமல், நாலைந்து மீட்டர் தள்ளி அடுக்கலாம். மாடு தின்னத் தின்னச் சுவர் கரையும் என்பது உண்மைதான். அடுப்பும் பீடியும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

மரமே வைக்கக் கூடாது என்பதில்லை. கரைக்கு மேலும் வேலியிலும் நொச்சி, ஆடாதொடை வைக்கலாம், ஆடு கடிக்காது. உள்ளே பூவரசு, புங்கன் வைக்கலாம். நிழல் கிடைக்கும், தழை கிடைக்கும், கண்ணுக்கு ரயில் மறையும். ஆனால் மரம் வளர்ந்து நிற்கும் உயரத்துக்குச் சமமான தூரமாவது ரயில்வே எல்லையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூரில் முந்திரியையும் பலாவையும் சவுக்கையும் எப்படிச் சாய்த்தது என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டை விற்க வேண்டாம்

மாடு பாலை அடக்கிக்கொள்வது உண்மை. மடியைத் தொட்டுக் கழுவியதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் மடியைச் சென்று சேர்கிறது. அதுதான் பாலை இறக்குகிறது. அதன் வேகம் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரைதான். அந்த நேரத்தில் மாடு திடுக்கிட்டால் அட்ரினலின் சுரந்து, இறங்கிய பாலை நிறுத்திவிடும். 1941-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு பேர் இதைச் சோதித்தார்கள். மாட்டின் முதுகில் பூனையை விட்டார்கள். காகிதப் பையை ஊதிப் பத்து விநாடிக்கு ஒரு முறை வெடித்தார்கள். மாடு பாலை நிறுத்திக்கொண்டது. மாட்டுக்காரர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்த விஷயத்துக்கு அப்போது காரணம் தெரிந்தது.

ஆனால் இதே மாடு, தினமும் கேட்கும் சத்தத்துக்குச் சில வாரங்களில் பழகிவிடும். தண்டவாள ஓரத்தில் ரயில் போகும்போது தலைகூட நிமிராமல் மேயும் மாடுகளைப் பார்க்கிறோம். சந்தையிலிருந்து புதிதாக வந்த மாடுதான் மிரளும். வாசகியின் இரண்டு மாடும் அங்கேயே பிறந்து வளர்ந்தவையா, வாங்கி வந்தவையா என்று கடிதத்தில் இல்லை. வாங்கி வந்து ஒரு மாதம் ஆகவில்லை என்றால் பொறுத்துப் பார்க்கலாம்.

கறவை நேரத்தைப் பத்து நிமிடம் நகர்த்துவதுதான் நல்ல வழி. கால அட்டவணையை நம்ப வேண்டாம், ரயில் தாமதமாகவும் வரும். பக்கத்தில் கேட் இருக்கிறதே, அதுதான் கடிகாரம். கேட் மூடினால் மடியைத் தொடாதீர்கள். ரயில் போகட்டும், கேட் திறக்கட்டும், அப்புறம் மடியைக் கழுவிக் கறவையைத் தொடங்குங்கள். எட்டு நிமிடத்துக்குள் ஒரு மாட்டை முடித்துவிடலாம். பால் சொசைட்டிக்கு நேரமாகிறது என்று அவசரப்படுகிறவர்கள் கால் மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்ள வேண்டியிருக்கும். அந்தச் சிரமம் உண்டு. கறக்கும்போது கொட்டகையில் ஒரு ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தால், திடீர்ச் சத்தம் அவ்வளவு திடீரென்று தெரியாது. பல பால் பண்ணைகளில் செய்வதுதான்.

இன்னொன்று. ரயிலால் குறையும் பால் அந்த ஒரு வேளைதான் குறையும். அடுத்த கறவையில் சேர்ந்து வரும். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால் காரணம் ரயில் இல்லை. மடிநோய், தீவனம், குடற்புழு, சினை மாதம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அடக்கிய பால் மடியிலேயே தங்குவதும் மடிநோய்க்கு வழி. அதனால் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை மடிப்பால் சோதனை செய்துவிடுங்கள். விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

ஹாரனை நிறுத்தச் சொல்லலாமா?

கடிதத்தில் கனமான கேள்வி இதுதான்.

தண்டவாள ஓரத்தில் மஞ்சள் பலகையில் கறுப்பில் 'டபிள்யூ/எல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் அது இருக்கும். அந்தப் பலகையைத் தாண்டியதும் ஓட்டுநர் ஹாரன் அடித்தாக வேண்டும். விருப்பப்பட்டு அடிப்பதில்லை, விதி அது. அடிக்காவிட்டால் அவருக்குத் தண்டனை.

2025 ஜூலை 8-ம் தேதி காலை, இதே பாதையில் கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் உயிரிழந்தார்கள். சிக்னலோடு இணைக்கப்படாத கேட் அது. அந்தத் துக்கம் இன்னும் ஆறாத மாவட்டத்தில், ஹாரனை நிறுத்துங்கள் என்று மனு எழுதினால் கேட்டைக் கடக்கும் பக்கத்து ஊர்க்காரர் என்ன நினைப்பார்? அவருக்கு அந்தச் சத்தம் போதவில்லை என்றுதான் இருக்கும்.

இதில் ரயில்வேயும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ரயிலின் சத்தம் குறைந்ததே ஒரு ஆபத்து. மீட்டர் கேஜ் காலத்தில் வண்டி வருவது வெகுதூரத்திலேயே தெரியும். தண்டவாளம் அதிரும், தடதடப்பு முன்னால் வரும். இப்போது மின்சார இன்ஜின், வெல்டிங் தண்டவாளம், கூடுதல் வேகம். நேர் எதிரே வரும் வண்டியின் சத்தம் பக்கத்தில் வரும் வரை பெரிதாகத் தெரிவதில்லை. வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்று இருக்கும் குடும்பங்கள் இந்தப் பாதை நெடுகிலும் உண்டு. தலையில் புல்லுக்கட்டு இருந்தால் பக்கவாட்டுப் பார்வையும் மறையும், காதும் பாதி மறையும். முப்பது வருடமாகக் கடக்கிறேன், எனக்குத் தெரியாதா என்பவர்தான் அதிகம் கவலைப்பட வேண்டியவர். அவர் பழகியது பழைய ரயிலுக்கு. ஆடு, மாடு மேய்க்கிற பிள்ளைகள் காதில் கருவி மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பதை வீட்டில் கண்டிப்பாக நிறுத்த வேண்டும்.

ஆகவே மனு எழுதுவதானால் ஹாரனை நிறுத்தக் கேட்க வேண்டாம். கேட்டுக்குப் பதிலாகச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கேளுங்கள். கேட் போனால் அந்த மஞ்சள் பலகையும் போகும். கேட்டுக்காக அடிக்கும் ஹாரன் தானாகவே நின்றுவிடும். அகலப் பாதைகளில் ஆளில்லா கேட்டுகளையெல்லாம் 2019 ஜனவரியோடு ஒழித்தது இப்படித்தான். சிலவற்றை மூடினார்கள், சிலவற்றில் ஆள் போட்டார்கள், பலவற்றில் சுரங்கப்பாதை அமைத்தார்கள்.

ஆனால் சுரங்கப்பாதைக்குக் கையெழுத்துப் போடும் முன் ஊர் கூடிப் பேச வேண்டும். கடைமடைப் பகுதியில் பள்ளம் வெட்டினால் மழைக்காலத்தில் அது குளம். தண்ணீர் வடிய வழி, இறைக்க மோட்டார், அதைப் பராமரிக்கப்போவது யார் என்பது மனுவிலேயே இருக்க வேண்டும். உயரம் குறைந்த சுரங்கப்பாதையில் டிராக்டர் போகும். நெல் அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி போகாது, வைக்கோல் பாரமும் போகாது. தையில் அறுவடை இயந்திரம் சுற்றிக்கொண்டு வந்தால் வாடகை யார் தலையில் விழும்? இதையெல்லாம் கிராம சபையில் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் ரயில்வே கோட்ட மேலாளருக்கும் சேர்த்து அனுப்புங்கள். கேட் இல்லாத இடத்தில் காரணமின்றித் தொடர்ந்து ஹாரன் அடிக்கிறார்கள் என்றால், தேதி, நேரம், இடத்தைக் குறித்து 139 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை

நியூயார்க் நகரில் உயர்பாலத்தில் ஓடும் ரயிலை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒவ்வொரு முறையும் ஆசிரியர் பாடத்தை நிறுத்த வேண்டும். 1975-ல் பிரான்சாஃப்ட், மெக்கார்த்தி என்ற ஆய்வாளர்கள் அதே பள்ளியில் ரயில் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகளையும் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளையும் வாசிப்பில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறாம் வகுப்பு வரும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் சத்தம் உறிஞ்சும் பலகை அடித்தார்கள். 1981-ல் மறுபடி பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டிருந்தது.

நம் பாதையில் ரயில் அவ்வளவு நெருக்கமாக ஓடுவதில்லை. அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் படிக்கிற இடத்தை எதிர்ப்பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். பள்ளியும் பாதை ஓரத்தில் இருந்தால், பத்தாம் வகுப்பைத் தள்ளியிருக்கும் அறைக்கு மாற்றும்படி பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். தூக்கத்தையும் கவனியுங்கள். "பழகிப்போச்சு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். காது பழகுகிறது, விழிப்பும் வராது. ஆனால் தூங்கும்போதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் இதயம் ஒரு கணம் வேகமாகத் துடிப்பது முழுவதும் பழகுவதில்லை. இரவு ரயில் சத்தம் சராசரியாக 44 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பிய நாடுகளுக்குச் சொன்னதற்குக் காரணம் இதுதான். நம் நாட்டின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு அளவு 45 டெசிபல். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தண்டவாளப் பக்கத்து அறையில் படுக்க வேண்டாம்.

வல்லம்படுகையிலிருந்து ஒரு கேள்வி: ரயில் அதிர்ந்து சுவர் வெடிக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. சிதம்பரம் வட்டாரத்துக் களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதே மண்தான் அஸ்திவாரத்துக்கு அடியிலும் இருக்கிறது. வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியை அளந்து, தேதி எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை அளக்கவும். கோடையில் விரிந்து மழையில் சுருங்கினால் அது மண்ணின் வேலை. பருவம் பாராமல் விரிந்துகொண்டே போனால் பொறியாளரை அழையுங்கள். அஸ்திவாரத்தை ஒட்டி வாழை, முருங்கை வைத்து அங்கே மட்டும் தண்ணீர் பாய்ச்சுவதும் இந்த மண்ணில் சுவரைக் கெடுக்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கேள்வி: போர் விமானச் சத்தத்தில் கோழிகள் குவிந்து சாகின்றன

தஞ்சாவூர் விமானப்படைத் தளம் 2013-ல் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானப் பிரிவு வந்தது. விமானச் சத்தம் மேலிருந்து வருவதால் கரை, வேலி, மரம் எதுவும் பயன்படாது. கூரைதான் தடுக்க வேண்டும். தகரக் கூரையாக இருந்தால் மேலே தென்னங்கீற்று வேயுங்கள்; வெயிலுக்கும் நல்லது. கோழி மிரண்டால் மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். சத்தம் கொல்வதில்லை, மூலைதான் கொல்கிறது. கொட்டகை மூலைகளைத் தட்டி வைத்து வளைவாக்குங்கள். பெரிய கொட்டகையைத் தடுப்பு வைத்துச் சிறு சிறு பகுதியாகப் பிரியுங்கள். இரவில் ஒரு மங்கலான விளக்கு எரியட்டும். இளங்குஞ்சிலிருந்தே ரேடியோ சத்தத்தில் வளர்ந்தவை அவ்வளவாக மிரளாது.

மாமனாரின் காது

முதல் கடிதத்தில் ஒன்று பாக்கி. 60 மீட்டரில் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் கேட்கும் ஹாரனால் காது செவிடாவது அரிது. காதைக் கெடுப்பது நீண்ட நேரச் சத்தம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம். 88-ல் நாலு மணி, 91-ல் இரண்டு மணி என்று பாதி பாதியாகக் குறையும். மூடிய அறை இல்லாத டிராக்டர், பவர் டில்லர், கொட்டகைக்குள் ஓடும் ஆயில் இன்ஜின் எல்லாம் 90-ஐத் தொடும், தாண்டும். மாமனார் எத்தனை வருடம் ஆயில் இன்ஜின் ஓட்டி இறைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். அப்படியானால் உங்கள் வீட்டுக்காரர் இப்போது டிராக்டர் ஓட்டுகிறாரா என்பதும் முக்கியம். ஓட்டினால் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். சில பத்து ரூபாய்தான்.

மாமனாரைச் சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். அழுக்கு அடைத்திருந்தால் அன்றே சரியாகிவிடும். நரம்புக் குறை என்றால் காது கருவி வைக்கலாம். எதுவானாலும், சோதனை முடியும் வரை அவரைத் தனியாகத் தண்டவாளம் கடந்து வயலுக்கு அனுப்ப வேண்டாம்.